ஆறரை அங்குலம்

கீழவாசல் பழைய இரும்புக் கடையில்
மூன்று ஜாக்குகளைத் தரையில் வைத்தார் அமலதாஸ்.

ஒன்று, வண்டியோடு பிறந்தது.
கதவுக்குக் கீழே துளையில் கையை நுழைத்துப்
பக்கவாட்டில் தூக்கும்.
என் அறுபத்துநாலு ஃபியட்டில் அந்தத் துளையைச் சுற்றி
நாகப்பட்டினத்து உப்புக்காற்று தின்றது போக
மிச்சம் இருப்பது அப்பளம்.
தூக்கினால் ஜாக் மட்டும்தான் மேலே வரும்.

இன்னொன்று பாட்டில் ஜாக்.
லாரியையே தூக்கும் என்றார்.
படுக்கப் போட்டால் எண்ணெய் கக்குமாம்,
நிற்க வைத்தே கூட்டிப்போக வேண்டுமாம்.

மூன்றாவது கத்திரி ஜாக், ஏதோ மாருதியில் கழற்றியது.

முடிவு சொல்லாமல் கூத்தாநல்லூர் திரும்பினேன்.
நல்ல டயர் ஒன்றின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு
மகனின் ஸ்கேலோடு வண்டிக்கடியில் படுத்தேன்.
ஆறரை அங்குலம்.
பாட்டில் ஜாக் எவ்வளவு குனிந்தாலும் ஏழரை.
போனில் சொன்னதும் அமலதாஸ் சிரித்தார்:
"ஏழரையை யாரும்மா காசு கொடுத்து வாங்குவா?"

தை அறுப்பு நேரம்,
கொரடாச்சேரி தாண்டி வாய்க்கால் கரையில் பஞ்சர்.
திருகினேன்.
வண்டி ஏறவில்லை.
ஜாக் இறங்கியது,
வண்டலுக்குள், அவசரமே இல்லாமல்.
அறுப்பு மெஷினை நிறுத்திவிட்டு வந்தார் செங்கோடன்.
ஆத்தூர்க்காரர், இந்த மண்ணோடு அவருக்குத் தனித் தகராறு.
மதகில் உடைந்து கிடந்த பலகையைக் கொண்டுவந்து
ஜாக்குக்கு அடியில் போட்டார்.
"இங்க பலகைதான் ஜாக்கு. அது சும்மா மேல உக்காந்திருக்கு."

அந்தப் பலகை இப்போது டிக்கியில்.
அதன்மேல் கிரீஸ் தடவிய ஜாக்,
கிழிந்த பெட்ஷீட் சுற்றி,
சைக்கிள் ட்யூபால் ஸ்டெப்னியோடு கட்டி.
கைப்பிடி தனியாக, சீட்டுக்கடியில்.

கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்த இரவு
முழங்கால் நனைய டிக்கியைத் திறந்தேன்.
பீரோவின் ஒவ்வொரு காலாக உயர்த்த
தங்கை ஜொஹரா செங்கல் தள்ளினாள்.
பிறகு ஃப்ரிட்ஜ். பிறகு எதிர்வீட்டுத் தையல் மெஷின்.
விடிந்தபோது ஃபியட்டின் இருக்கைவரை தண்ணீர்.
அதைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

உலர்த்தி, துடைத்து,
மறுபடி கிரீஸ், மறுபடி பெட்ஷீட்.
இந்த முறை இறுக்கிக் கட்டிவிட்டேன்.
குழியில் விழுந்தாலும் சத்தம் வருவதில்லை.

அதனால்தான்
வெண்ணாற்றுப் பாலம் வந்ததும் ஓரம் கட்டி
டிக்கியைத் திறந்து பார்க்கிறேன்,
இருக்கிறதா என்று.