விருந்தாளிக்குச் சொன்ன கணக்கு

மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவள்
நாற்பத்தொன்றாம் வரியில் நிற்கிறேன்.
கீழக்கரையில் மணி மூன்றேகால்.
கடற்காற்றின் உப்பேறி
கீபோர்டில் ஷிஃப்ட் கட்டை ஒட்டிக்கொள்கிறது.

பிரிஸ்கில்லா அனுப்பிய கோடு இது.
விர்ச்சுவல் மெஷினில் குடியேறும் விருந்தாளி
கண் விழித்ததும் கேட்கும்:
எனக்கு எத்தனை கோர்?
எட்டு என்கிறது இந்த வரி.

எட்டில்லை. நான்கு.
ஒவ்வொன்றிலும் இரண்டு த்ரெட்.
ஒரு பிட் தள்ளிப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

எங்களுக்கும் பல்கீஸ் வீட்டுக்கும் ஒரே கிணறு.
நட்டநடுவே சுவர்,
தண்ணீரைத் தொடுமுன் நின்றுவிடும்.
வாடகைக்கு வருகிறவர்களிடம் புரோக்கர் சொல்வார்:
தனிக் கிணறு.
இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போதுதான்
குழாய்க்குத் தெரியும்.

ஆனாலும் உள்ளதைச் சொல் என்றெழுத
கை வரவில்லை.
ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விருந்தாளியை
வேறு இயந்திரத்துக்குத் தூக்கி வைப்போம்;
தூக்கியது அதற்குத் தெரியாது.
அங்கே பதினாறு கோர் இருந்தாலும்
இங்கே சொன்னதையே சொல்லியாக வேண்டும்.
பொய்யாக இருக்கலாம்,
நாளுக்கொரு பொய்யாக இருக்கக் கூடாது.

எழுதினேன்:
பிட்டைத் திருத்து.
பழைய மெஷின்களுக்குப் பழைய கணக்கே போகட்டும்.
ஒரு டெஸ்ட் சேர்.

மூக்கையூரில் அவளும் தூங்கவில்லை.
"அப்போ பழையவங்க கடைசி வரைக்கும்
எட்டுன்னே நம்பிட்டு இருக்கட்டுமாக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது.
பல்கீஸ் சஹருக்கு எழுந்துவிட்டாள்.
எங்கள் தொட்டியில் விழும் நீர்
நூலாக இளைத்தது.

எழுந்துபோய் என் ஸ்விட்சை அணைத்தேன்.
வந்து டைப் செய்தேன்:
இருக்கட்டும்.