பூஜ்ஜியம் என்று எழுதிய குழாய்

புவேர்த்தோ மால்டொனாடோவில் மின்சாரம் போனால்
யோவானாவுக்குக் கவலையில்லை.
அவளுக்கு வேண்டியது இருட்டுதான்.
ஜன்னலில் கறுப்புத் துணி.
கையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு,
சந்தையில் பன்னிரண்டு சோலுக்கு வாங்கியது.

முப்பது குழாய்கள்.
முப்பது பெண்களின் பிடரிமுடி
அமிலத்தில் கரைந்து நிற்கிறது.
ஒவ்வொன்றிலும் ஒரு துளிச் சாயம்.

அந்தச் சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கதவைச் சாத்திக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு அது.
சோடியம் தட்டும். திறக்காது.
கால்சியம், துத்தநாகம், இரும்புகூடத் தட்டிப் பார்க்கும்.
ம்ஹும்.
பாதரசம் வந்து வாசலில் நின்றால் மட்டும்
தன் கந்தகத்தைக் கழற்றி அதன் கையில் கொடுத்து
கதவைத் திறந்து
விளக்கையும் ஏற்றி வைக்கும்.
விருந்தோம்பலில் இப்படி ஓர் ஓரவஞ்சனை.

ஆற்றுக்குக் கடவுளின் தாய் என்று பெயர்.
அதன் மேல்கரையில் மீன் தின்று வாழ்கிறவர்களின் முடி இது.
ஏழாம் எண், தெல்பினா, ஆறு மாதக் கர்ப்பம்:
மாதுளை முத்து நிறம்.
பதினெட்டு கொஞ்சம் வெளிறி.
இருபத்திரண்டு
பார்க்க அத்தனை அழகு.
அதுதான் கொடுமை.

கடைசிக் குழாயின் ஒட்டுத்தாளில்
பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தாள்.
ஒப்பிட ஒரு சுத்தமான தலை வேண்டுமே.
யாரைப் போய்க் கேட்பது?
ஆற்று மீனைத் தொடாதவள்,
கோழியும் சோறுமாகக் காலம் தள்ளுகிறவள்,
தன் முடியையே கத்தரித்துப் போட்டிருந்தாள்.

விளக்கு அதன் மேல் போனது.

முப்பதையும்விடப் பிரகாசம்.

மறுபடி செய்தாள்.
புது அமிலம், புதுக் குழாய்,
கழுவிய முடி, கழுவாத முடி.
சாயத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது.

அவள் அறைக்குக் கீழே செஃபெரினோவின் தங்கக் கடை.
சாயங்காலம் ஆறு மணிக்கு
சுரங்கத்துப் பையன்கள் கொண்டுவரும் சாம்பல் உருண்டையை
அவன் தீக்குழலால் சுடுவான்.
பாதரசம் எழுந்து போய்விடும், பொன் தங்கும்.
எழுந்தது எங்கே போகிறதென்று
நான்கு வருஷமாக அவள் கேட்டதில்லை.
வாடகை மலிவு.
ஞாயிறுதோறும் தலை குளித்து
மாடி நடையில் நின்று
அந்தக் காற்றில்தான் உலர்த்துவாள்.

பொன் ஊசி என்று கண்ணில் குத்திக்கொள்வார்களா?
அவள் ஒரு மோதிரம்கூடப் போட்டதில்லை.

ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினாள்.
பாதி வந்தது, பாதி வரவில்லை.
பட்டியலின் அடியில் எழுதினாள்:
முப்பத்தொன்று. யோவானா ஹுவாமன்சுப்பா. வயது இருபத்தொன்பது.
மீன்: இல்லை.

பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.
செஃபெரினோ தலையைத் தடவிச் சிரித்தான்.
சுத்த வழுக்கை.

கல்லாவுக்குப் பின்னால்
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவன் மகள் நிமிர்ந்தாள்.
இடுப்பு வரைக்கும் ஜடை.

"எவ்வளவு வெட்டணும்?"

ஒரு பென்சில் கனம், என்றாள் யோவானா.
வேரோடு ஒட்டி.