இரண்டாம் யன்னல்

மல்லாவி ஆஸ்பத்திரியில்
காய்ச்சல்காரருக்கு இரண்டாம் யன்னல்.
உள்ளே நான், ஒரு கொப்பி,
நூல் கட்டிய பேனை.
பெயர். வயது. எத்தனை நாள்.

வவுனிக்குளம் வான் பாய்ந்த அன்று
மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினாறு பேர்.
பாதிப்பேர் வாயில் ஒரே கதை:
"அந்தக் கொரோனா ஊசி போட்டதிலயிருந்துதான் பிள்ளை."

பாண்டியன்குளத்துப் பரமலிங்கம்
உழவு மெசினை நிறுத்தாமலே
வாசலில் விட்டுவிட்டு வந்தார்.
மூன்று ஊசி. மூன்றும் இடது தோளில்.
"அப்ப ஏன் எனக்கு இந்தத் தடிமன்?"
கடன் கொடுத்தவர் கேட்பதுபோலக் கேட்டார்.

அண்ணை, நீங்கள் வேலி போட்டது யானைக்கு.
குரங்கு வந்தால் கம்பியோடயே கோவிப்பியள்?
மயில் வந்தால்?
ஒவ்வொரு மாரிக்கும் சட்டை மாத்திக்கொண்டு
வாற காய்ச்சல் இது. வேற சாதிக் கிருமி.

அவர் சிரிக்கவில்லை.
"போன வருசம் வேலிக்குள்ள
யானையும் வந்ததுதானே?"

வந்தது. அது உண்மை.
அவருக்கு அந்தக் காய்ச்சலே வந்து
ஐந்து நாள் கிடந்து எழும்பினார்.
இரண்டு வாழையை முறித்துவிட்டுப் போனது,
வீட்டை இடிக்கவில்லை என்று
சொல்ல நினைத்தேன்.
வரிசை நீண்டிருந்தது.

"தடிமனுக்கும் ஊசி இருக்காமே?"
இருக்கு. வருசா வருசம் போடவேணும்.
கொழும்பில் காசுக்குப் போடுவினம்.
"அப்ப அது எங்களுக்கில்லை" என்றார்,
மழை எப்போது விடும் என்று
சொல்கிற குரலில்.

அடுத்தது சுபத்திராதேவி, யோகபுரம்.
பொலித்தீன் பையைக் கவிழ்த்தாள்:
குடும்ப அட்டை, நிவாரண அட்டை,
முகாமில் தந்த அட்டை,
கரை நைந்த ஊசி அட்டை.
"எதைக் காட்ட வேணும்?"
எதுவும் வேண்டாம், காய்ச்சல் எத்தனை நாள்?
என்றாலும் எல்லாவற்றையும்
யன்னல் கட்டையில் பரப்பினாள்.

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட நாளில்
பெயர் பதிந்தவன் சீருடையில் இருந்தான்.
வரிசையில் நின்று பெயர் கொடுத்தால்
என்ன ஆகும் என்று
அவளுக்குத் தெரிந்த கதை வேறு.
இருந்தும் போய் நின்றாள்,
சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

இன்றைக்கு அவளைப் பிடித்திருப்பது டெங்கு.
கொல்லையில் கிடந்த டயருக்குள் மழைத்தண்ணி,
தண்ணிக்குள் நுளம்பு.
தோளில் போட்ட ஊசிக்கு
நுளம்பைத் தெரியாது.
வாட்டுக்கு அனுப்பினேன்.
அட்டைகளைப் பொறுக்க நேரமெடுத்தாள்.

நான் யாருக்கும் சொல்லாத ஒன்று:
என் அண்ணன் செல்வகாந்தனுக்கும்
தும்மலில்தான் தொடங்கியது.
மழைத் தடிமன் என்றோம்.
மல்லி அவித்துக் கொடுத்தோம்.
அது ஆவணி மாதம்.
துணுக்காய் முழுக்கப் புழுதி.
எந்த மழையைச் சொன்னோம்?
எங்கள் பகுதிக்கு ஊசி வர
இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
உடல் வவுனியாவில் எரிந்தது.
வீட்டுக்கு ஒரு கடதாசி வந்தது.

ஒன்பது நாள் முந்தியிருந்தால்?
அண்ணி கேட்பதில்லை.
கேட்டாலும் எனக்குத் தெரியாது.
இந்தக் கொப்பியில்
வந்தவர்களுக்குத்தான் கோடு போட்டிருக்கிறது.
வராமல் போன காய்ச்சலுக்கு,
சாகாமல் வீட்டில் இருந்து
மாட்டை ஏசிக்கொண்டிருப்பவருக்கு
எந்தப் பக்கத்தில் இடம்?

வெளியே மெசின் இன்னும் இரைகிறது.
பரமலிங்கம் பனடோல் பொட்டலத்தை
மடித்து மடியில் செருகுகிறார்.
"ஊசியாலதான்" என்று
பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிறார்,
இருமி இருமி,
நல்ல சத்தமாக.
சொல்லட்டும்.

எனக்கும் தொண்டை அரிக்கிறது காலையிலிருந்து.
முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுப்
பேனையை எடுக்கிறேன்.
நூற்றுப் பதினேழு:
கு. சசிரேகா. நாற்பத்தொன்று.
ஒரு நாள்.