ஒன்றும் நடக்காத இரவு

"பண்டிகைக்கு ஒரு கோப்பை"
என்றார் கிரேன் ஓட்டும் கிந்தவுதாஸ்,
வயிற்றில் புதுத் தையலோடு.

கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே
அவர் மனைவி என் கையில் திணித்த
பஸ் டிக்கெட்டின் பின்புறம்:
தினம் ஒரு பாட்டில். பதினேழு வருஷம்.
நான் சொன்னதாகச் சொல்லாதே.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன்.
தயமின் மஞ்சளாய்ச் சொட்டியது.
ஊசி, நேரம் தவறாமல்.
நாலு மணிக்கொருமுறை
கையை நீட்டுங்கள் என்றேன்.

மூன்றாம் இரவு.
க்ளைபேடா துறைமுகத்தில் பனிச்சங்கு.
போன மாதம் இதே கட்டிலில்
ஒருவர் விடியும்வரை
போர்வையில் இல்லாத எறும்புகளைப்
பொறுக்கிக்கொண்டிருந்தார்,
பிடுங்கிய குழாயோடு.

இவர் நீட்டிய கை
காற்றில்லாத நாளின் கிரேன்.

"திரும்பத் திரும்ப எதற்கு இது?"
எரிச்சலாகக் கேட்டார்.

நடுக்கம் இல்லை
என்று எழுதினேன்.
டிக்கெட் என் சட்டைப் பையில்
மடங்கிக் கிடந்தது.