பன்னிரண்டு கிலோமீட்டர் கட்டம்

மாதிரி சொன்னது: நாற்பத்தொன்று.
நிலையம் சொன்னது: இருநூற்றுப் பதினேழு.
ஜூன் பதினெட்டு, இரவு பதினொரு மணி,
கொயாய்க்கே, தென்கோடிச் சிலி.

வித்தியாசத்துக்குச் சிவப்பு பூசுவது
எங்கள் அலுவலக வழக்கம்.
அந்தக் குளிர்காலம் முழுக்க என் திரை
அம்மை போட்ட முதுகாக இருந்தது.

"அந்த நிலையத்தைத் தூக்கிவிடு,
ஒட்டாத புள்ளி" என்றான் பாஸ்தியான்,
தலைநகரிலிருந்து, ஏதோ மென்றபடி.
தூக்கினால் அறிக்கை அழகாகிவிடும்தான்.

வடிகட்டி நாடா மாற்றப் போகும்
வெனான்சியோவின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கருவி ஒரு பள்ளிக்கூடக் கூரையில்.
ஏணிப்படியெல்லாம் உறைபனி.
மேலே நின்று பார்த்தால் ஊர் ஒரு கிண்ணம்,
அதன்மேல் குளிரே மூடி.
புகை எழும்பி, முட்டி,
வந்த வீட்டுக்கே திரும்பியது.
என் கணக்கில் கிண்ணமே கிடையாது.
மலை, ஆறு, செம்மறி மேயும் சரிவு, ஊர்
எல்லாம் ஒரே கட்டம், ஒரே எண்.
பன்னிரண்டு கிலோமீட்டர் சோற்றில்
முழுப் பூசணிக்காயை
மறைத்து வைத்திருக்கிறேன்.

வெனான்சியோ பழைய நாடாவை நீட்டிக் காட்டினார்.
மணிக்கு ஒரு பொட்டு.
மதியத்தில் வெளிறிய சாம்பல்,
மாலையில் பழுப்பு,
பதினொன்றில்
சட்டியின் அடி.

பள்ளிக்குப் பின்வீட்டில்
நெல்டா ஓயார்சுன் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.
ஈர லெங்கா. கோடரி பாதியில் சிக்கி
வெட்டுவாயில் தண்ணீர் கசிந்தது.
"காய்ந்ததை வாங்கினால்
ஆகஸ்டில் எதை எரிப்பது?"

இரவு பதினொரு மணிக்கு
என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
திருட்டு விசாரிக்க வந்தவளைப் போல் பார்த்தாள்.
பிறகு சொன்னாள்:
"அடுப்பின் காற்றுவாயை அடைப்பேன்.
விடியும்வரை தணல் தங்க வேண்டாமா?
சின்னவனுக்குக் கால் சில்லிடும்."

அடைத்த அடுப்பு எரியாது, புகையும்.
ஊரே பதினொரு மணிக்கு அடைக்கிறது.
என் உமிழ்வுப் பட்டியலிலோ நெல்டா
இரவும் பகலும் ஒரே சீராய் எரிகிறாள்,
தூங்குவதே இல்லை.

திரும்பி வந்து அவளைத் தூங்கவைத்தேன்.
காற்றுவாயை அடைத்தேன்.
மாதிரியை மறுபடி ஓட்டினேன்.

தொண்ணூற்றாறு.

பாதிகூட வரவில்லை. மீதி மலையினுடையது,
அதற்குச் சின்னக் கட்டம் வேண்டும்,
சின்னக் கட்டத்துக்குப் பெரிய கணினி,
கணினிக்குப் பாஸ்தியானின் கையெழுத்து.
நிலையத்தைத் தூக்கவில்லை என்று மட்டும்
அவனுக்கு எழுதினேன்.

திரையில் சிவப்பு அப்படியே.
ஆனால் பதினொரு மணியில்
தட்டையாய்க் கிடந்த என் கோடு
முதல்முறையாகக் கொஞ்சம் தலைதூக்கியிருந்தது.

நாற்காலியில் கழற்றிப் போட்ட
கம்பளிச் சட்டையை முகர்ந்தேன்.
ஈர லெங்கா.