பிழைதிருத்தம்

பீல் நகரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்.
தெருவுக்கு இரண்டு, ஆற்றுக்கு இரண்டு,
சதுக்கத்தில் நாங்கள் போட்ட மேசையிலோ
துண்டுப்பிரசுரம் ஐந்து மொழியில்.
தமிழ் என்னுடையது.

நவம்பர்க் கடைசி. மூடுபனி.
செனடா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள்.
திரினா ஆற்றங்கரையில் அவள் படித்த பள்ளிக்கூடத்தை
இன்றைக்கும் "அந்தக் கட்டடம்" என்றுதான் சொல்வாள்.
போகிறவர்களிடம் மட்டும் உரத்த குரல்:
"போரில் பெண்களுக்கு நடந்தது. ஒரு நிமிடம் தாருங்கள்."
சிலர் தந்தார்கள். ஒரு நிமிடம்தான்.
கிழவர் ஒருவர் பத்துப் பிராங் தாளை நீட்டினார்.
பணம் கேட்கவில்லை என்றதும்
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கனநேரம் கையில் பிடித்தபடி நின்றார்.

எங்கள் சனம் தூரத்திலேயே கண்டுகொண்டது.
சனிக்கிழமை, தமிழ்ப் பாடசாலை விட்ட நேரம்.
பிள்ளைகளை இழுத்துக்கொண்டு
சதுக்கத்தின் மற்றப் பக்கத்தால் நடந்தார்கள்.
குகதாசன் மட்டும் கிட்ட வந்து, குனிந்து,
"தங்கச்சி, வெள்ளைக்காரனுக்கு முன்னால
எங்கட மானத்தை மேசையில பரப்பலாமோ?"
நான் மேசையைப் பார்த்தேன்.
காகிதம், பேனை,
காற்றுக்குப் பறக்காமல் வைத்த நாலு கூழாங்கல்.

நாலரைக்கு இருட்டத் தொடங்கியது.
ரயில் நிலையம் கூட்டுகிறவர்களின்
செம்மஞ்சள் மேலங்கியோடு ஒருத்தி வந்தாள்.
தமிழ்த் தாளை எடுத்து
விளக்குக் கம்பத்தின் கீழ் போய் நின்று வாசித்தாள்.
இரண்டு பக்கமும்.
தொலைபேசி இலக்கம், அச்சகத்தின் பெயர் வரைக்கும்.
திரும்பி வந்து, "பேனை இருக்கோ?"
கையெழுத்துப் படிவத்தை நகர்த்தினேன்.
அவள் அதைத் தொடவில்லை.

என் தாளில், மூன்றாம் வரியில்,
யோசிக்காமலே நான் எழுதிவிட்ட சொல்லை
ஒரே கோடாய் அடித்தாள்.
கற்பழிப்பு.

"இது பிழை," என்றாள்,
பஸ் நேரம் சொல்கிற குரலில்.
"எனக்கு அப்பிடி ஒண்டும் அழியேல்லை.
இடுப்பெலும்புதான் இப்பவும் குளிருக்கு நோகுது.
ஆறு பேர். அரசாங்க உடுப்போட வந்தவங்கள்.
அவங்களில இருந்து எழுதத் தொடங்குங்கோ.
என்னில இருந்து இல்லை."

பெயர் கேட்க வாய் வரவில்லை.
ஐந்து மணி வேலைக்குப் போய்விட்டாள்.

செனடாவுக்கு ஜெர்மனில் விளக்கப் பார்த்தேன்.
அந்த மொழியின் சொல்லுக்குள் வன்முறை இருக்கிறது.
எங்கள் சொல்லுக்குள்
செய்தவன் இல்லை, அடி இல்லை, காயம் இல்லை,
அவள் காக்கத் தவறியதாய் ஒரு பொருள் மட்டும்.
எத்தனை மேடை, எத்தனை செய்தி,
எத்தனை தரம் நானே சொல்லியிருப்பேன்.

மிச்சம் இருநூற்றுப் பதினேழு தாள்.
மேசையை மடிக்காமல் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் அடித்தேன்,
மேலே சிறிய எழுத்தில் எழுதினேன்:
படையினர் செய்த பாலியல் வன்முறை.

பாதியில் குளிருக்கு மை இறங்க மறுத்தது.
செனடா பேனையை வாங்கி
இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி
ஊதினாள்.