பர்லியார், பத்து நிமிடம்

நாற்பத்தொன்றாம் நாள்.
பேருந்தை ஓரங்கட்டினேன்.
சைதலவி கடைத் தூணில்
தொங்கும் கயிற்றின் முனை
என்னைப் பார்த்துக் கனன்றது.

"ஒண்ணே ஒண்ணுண்ணே"
நீட்டினான் பெள்ளிராஜ்,
டிக்கெட் கிழிக்கும் அதே விரல்களால்.

விட்டுவிட்டதை
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால்
தோற்பதை வேடிக்கை பார்க்கவும்
ஆள் சேர்ந்துவிடும்.

மங்குஸ்தான் ஒன்று வாங்கி
நகத்தால் பிளந்தேன்.
விரலிடுக்கின் பழைய மஞ்சள்மேல்
ஊதாச் சிவப்பாய் ஏறியது கறை.
உள்ளே ஆறு சுளை.
ஒவ்வொன்றாக,
நேரம் போகும்வரை.

விசில்.

கல்லாறு வரை இறக்கம்தான்.
நியூட்ரலில் விட்டால்
வண்டி தானாகவே போகும்,
எங்கே என்று கேட்காமல்.
இரண்டாம் கியர் போட்டேன்.
எஞ்சின் முனகியது.
முனகட்டும்.

சாயங்காலம் ஏறி வரும்போதும்
அந்தக் கயிறு
எரிந்துகொண்டுதான் இருக்கும்.